அப்பாச்சியும் என் சித்தப்பாவும்

யாழ்ப்பாண வழிவந்த வீடுகளில் அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்றவர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஈப்போவில் இருக்கும் என் சித்தப்பா 'அப்பாச்சி' என்றால், அது 1960இல் தி ஷேடோஸ் என்ற இங்கிலாந்துக் குழு வெளியிட்ட இசைத்தட்டு. அமெரிக்கப் பூர்வகுடி இனம் ஒன்றின் பெயர் அது. தட்டில் பாடகர் கிடையாது. கிட்டாரே பாடும். சித்தப்பா பதினைந்து பதினாறு வயதில் அதை நாள் முழுக்கப் போட்டுக் கேட்டபோது, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "பிள்ளைக்கு அப்பாச்சி மேல அவ்வளவு பாசமோ?" என்று என் பாட்டியிடம் கேட்டாராம். எங்கள் குடும்பத்தில் எந்த விருந்திலும் இந்தக் கதை ஒருமுறையாவது வந்துவிடும்.

வருகிற தை மாதம் சித்தப்பாவுக்கு எண்பது. கோயிலில் பூஜை, மண்டபத்தில் சாப்பாடு என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அவருடைய இடது கை விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் நடையும் தேறிவிட்டன. விரல்கள் மட்டும் தேறவில்லை. அறுபதுகளில் ஈப்போவில் கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று லீட் கிட்டார் வாசித்த மனிதர். பிறகு ரயில்வேயில் குமாஸ்தா.

போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீதான் வாராவாரம் பேப்பர்ல இசையைப் பத்தி எழுதுற ஆளாச்சே. என் பிறந்தநாளுக்கு அப்பாச்சி வாசி. ஆனா தட்டுல இருக்கிற மாதிரி இருக்கணும். வெறும் மெட்டு வாசிக்கிறதா இருந்தா வேண்டாம்."

அப்பாச்சியின் மெட்டு கடினமில்லை. கிட்டார் பிடித்து ஆறு மாதமானவர்கள்கூட வாசிப்பார்கள். அன்று இரவே வாசித்து, கைப்பேசியில் பதிந்து அனுப்பினேன். பதில் குரலாக வந்தது: "மெட்டு சரி. சத்தம் யாரோடதோ."

ரோஷம் வந்தது. நம்மில் பலர் செய்வதையே நானும் செய்தேன். கடைக்குப் போனேன். எக்கோ பெடல் ஒன்று, பழைய வால்வு ஆம்ப் போல ஒலி தரும் பெட்டி ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு வெள்ளி. மனைவியிடம் அறுநூறு என்று சொன்னேன். (இந்தப் பத்தியை அவர் படிப்பதில்லை என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.) மறுபடி பதிந்து அனுப்பினேன். "விலை கூடின சத்தமா இருக்கு" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அந்த ஒலி எப்படி உண்டானது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

ஷேடோஸ் குழுவின் லீட் கிட்டார் ஹாங்க் மார்வின். கண்ணாடி போட்ட, ஒல்லியான இளைஞர். அவர் கையில் இருந்தது சிவப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அது வந்த கதையே ஒரு தவறில் தொடங்குகிறது. ரிக்கி நெல்சனின் தட்டுகளில் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் பர்ட்டனின் ஒலி மார்வினுக்கும் பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்கும் மிகவும் பிடித்திருந்தது. அவர் ஃபெண்டர் வாசிக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஃபெண்டர் விலைப் புத்தகத்தைப் பார்த்து, இவ்வளவு நன்றாக வாசிப்பவர் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வைத்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள். 1959இல் கிளிஃப் அதை அமெரிக்காவிலிருந்து தருவித்துக் கொடுத்தார். உண்மையில் பர்ட்டன் வாசித்தது டெலிகாஸ்டர். விலை குறைந்தது, வேறு மாதிரியானது. ஒருவரின் ஒலியைத் தேடிப் போய் வேறு கிட்டாரை வாங்கி, அதிலிருந்து தனக்கென்று ஓர் ஒலியை உண்டாக்கிவிட்டார் மார்வின். ஆயிரத்து அறுநூறு வெள்ளி செலவழித்தவனுக்கு இது கொஞ்சம் ஆறுதலான செய்தி.

அந்த வாங்கியதில் ஒரு லாபமும் இருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜோடு ஓர் இரும்புக் கைப்பிடி இணைந்திருக்கும். வேமி பார் என்பார்கள். அதை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுரம் இறங்கும், விட்டால் திரும்ப ஏறும். பின்னாளில் வந்தவர்கள் இதை விமானம் விழுவதுபோல் அலறவிடப் பயன்படுத்தினார்கள். மார்வின் அப்படிச் செய்யவில்லை. பிக் பிடித்த அதே வலது கைக்குள் கைப்பிடியை வைத்துக்கொண்டு, நீண்ட சுரங்களின் முடிவில் மெல்ல நடுங்கவிடுவார். நம் பாடகர்கள் ஒரு சுரத்தில் நின்று லேசாக அசைப்பார்களே, அந்த அளவுதான்.

இடது கை விரலாலேயே கம்பியை வளைத்து இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். என் முதல் தப்பு அதுதான். இன்று கடையில் கிட்டார் வாங்கினால் அதில் இருப்பது மெல்லிய கம்பி, விரலால் எளிதாக வளையும். 1960இல் கிடைத்தது கனத்த கம்பி. மூன்றாவது கம்பியும் இன்றுபோல் வழவழப்பான ஒற்றைக் கம்பியாக இருக்காது, மேலே உலோகம் சுற்றியதாக இருக்கும். அதை வளைக்க முயன்றால் விரல்தான் வளையும். வளைக்க முடியாததால் கைப்பிடி தேவைப்பட்டது. கம்பி கனமானதால் சுரம் உருண்டு, திரண்டு, நின்று ஒலித்தது. மெல்லிய கம்பியில் எவ்வளவு பெடல் வைத்தாலும் அந்த உடம்பு வராது.

கனத்த கம்பி ஒரு செட் வாங்கினேன். நாற்பது வெள்ளிகூட ஆகவில்லை. மாட்டியபின் கழுத்து வளைந்து, கைப்பிடியின் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் முடுக்கிச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விரல் நுனிகள் ஒரு வாரம் எரிந்தன. ஆனால் முதல்முறையாக ஒலி தட்டின் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது.

அடுத்தது எக்கோ. மார்வினிடம் இருந்தது மெயாட்சி என்ற இத்தாலியக் கருவி. ஜோ பிரௌன் என்ற இன்னொரு கலைஞர் தனக்குச் சரிவரவில்லை என்று அவருக்குக் கொடுத்தது. உள்ளே காந்த நாடா சுற்றிக்கொண்டிருக்கும். வாசிப்பது நாடாவில் பதியும். பக்கத்தில் இருக்கும் பல தலைகள் அதைச் சற்றுச் சற்றுத் தள்ளித் திரும்ப வாசிக்கும். ஆகவே எக்கோ ஒரே இடைவெளியில் 'டக், டக், டக்' என்று வராது. தலைகள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒரு தாளம்போல வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூர்மை குறைந்து மங்கும். நாடா சீராக ஓடாததால் லேசாகத் தள்ளாடும். நான் வாங்கிய பெடலோ வாசித்ததை அச்சு எடுத்ததுபோல் திருப்பித் தரும். அதுதான் சித்தப்பா சொன்ன 'விலை கூடின சத்தம்'. திரும்பும் ஒலியின் கூர்மையைக் குறைத்து, கொஞ்சம் தள்ளாட்டம் சேர்த்து, இரண்டு மூன்று இடைவெளிகளைக் கலந்து வைத்தபோதுதான் பெடல் கொஞ்சம் மனுஷத்தனமாக நடந்துகொண்டது.

ஆம்ப், வாக்ஸ் நிறுவனத்தின் 15 வாட் வால்வு ஆம்ப். ஏறக்குறையச் சுத்தமான ஒலி. பழைய ராக் என்றதும் நாமெல்லாம் கரகரப்பைக் கூட்டிவிடுகிறோம். அப்பாச்சியில் கரகரப்பைத் தேட வேண்டியதில்லை. பிறகு அறை. லண்டனில் ஆபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பதிந்தார்கள். அங்கே எதிரொலிக்கென்றே வெறும் சுவர்களோடு ஓர் அறை உண்டு. ஒரு ஸ்பீக்கரை வைத்து அதனுள் ஒலியைப் பாய்ச்சி, சுவரில் பட்டுத் திரும்புவதை மைக்கில் பிடித்துக் கலப்பார்கள். எங்கள் வீட்டுக் குளியலறை அதற்கு மோசமில்லை. ஆம்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி வாசித்தேன். குளிக்கக் காத்திருந்த மகள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அந்த லீட் கிட்டார் அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் அதற்குக் கீழே அதிகம் ஒன்றும் இல்லாததுதான். புரூஸ் வெல்ச் ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பேஸ், டிரம், தொடக்கத்தில் கிளிஃப் ரிச்சர்டே தட்டும் ஒரு சீன முரசு. அவ்வளவே. நான் முதலில் பின்னணியாகப் போட்ட ரெடிமேட் இசையில் கீபோர்டு, இரண்டு கிட்டார், வயலின் கூட்டம் எல்லாம் இருந்தன. அந்தக் கூட்டத்தில் மார்வினே வந்து வாசித்திருந்தாலும் காணாமல் போயிருப்பார்.

இந்தத் தட்டின் மறுபக்கப் பாடலைத்தான் தயாரிப்பாளர் நோரி பாராமோர் முதலில் விரும்பினார் என்பார்கள். நல்ல வேளை, அப்பாச்சி முன்பக்கம் வந்தது. இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூருக்கே வந்து வாசித்தார்கள். சித்தப்பாவிடம் ரயில் டிக்கெட்டுக்குப் பணமில்லை. போய் வந்த ஒரு சீன நண்பர், மார்வின் எந்த இடத்தில் பிக்கால் தட்டினார் என்று ஈர்க்குச்சியை வைத்து நடித்துக் காட்டினாராம். அந்த வருகைக்குப் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிட்டார் குழுக்கள் காளான்போல் முளைத்தன. சிங்கப்பூரின் தி குவெஸ்ட்ஸ் குழு 'ஷாண்டி' என்ற கிட்டார் இசையை 1964இல் வெளியிட்டு, உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸையே இறக்கி முதலிடம் பிடித்தது. மலாய்ப் பாடல்களில் 'பாப் ஏ ஏ' அலை வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். நம் தாத்தாக்களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒல்லியான டையும் ஜப்பானியக் கிட்டாருமாக நிற்பவர்கள் அந்த அலையில் நனைந்தவர்கள்.

அப்பாச்சி உங்கள் தலைமுறைக்கு எட்டாததாக இருக்கலாம். உங்கள் வீட்டில் தேடப்படும் ஒலி வேறாக இருக்கும். ஆனால் தேடும் வழி ஏறக்குறைய ஒன்றுதான், ஏமாறும் வழியும்.

கின்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மி', 1964. அந்தக் கிழிந்த ஒலிக்கு என்ன பெடல் என்று கேட்பவர்கள் உண்டு. பெடல் இல்லை. டேவ் டேவிஸ் தன் சின்ன, மலிவான ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறி, அதிலிருந்து வரும் ஒலியைப் பெரிய ஆம்பில் கொடுத்தார். கிழிந்ததுபோல் கேட்கிறதென்றால், அது உண்மையிலேயே கிழிந்ததுதான்.

ஃபஸ் பெடலின் பிறப்பும் ஒரு பழுதில்தான். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடலைப் பதியும்போது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் சென்ற வழியில் கலவைக் கருவி பழுதாகி, தேனீ கூட்டம்போல் இரைந்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். 1961இல் பாடல் வெற்றி பெற்றதும் மற்றவர்களும் அந்த இரைச்சலைக் கேட்டு வந்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே பழுதை வேண்டுமென்றே செய்யும் சின்னப் பெட்டியை உருவாக்க, அது மேஸ்ட்ரோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965இல் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் மிதித்தது அதைத்தான். அவர் அதையும் டிரம்பெட், சாக்ஸஃபோன் கூட்டம் பிறகு வந்து வாசிக்க வேண்டிய இடத்துக்கான மாதிரியாகவே வாசித்திருந்தார். கூட்டம் வரவேயில்லை. மாதிரியே மூலமாகிவிட்டது.

பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' தொடங்கும் அந்த ஒற்றை 'ஜாங்'கைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் ஏராளம். பல சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டும் அந்தக் கார்ட் எது? நானும் இருபது வயதில் எத்தனையோ விரல் வைப்புகளைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு கிட்டாரில் அது வராது. ஹாரிசனின் பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர், லென்னனின் கிட்டார், மெக்கார்ட்னியின் பேஸ், கூடவே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோ. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரௌன் ஒலியைக் கணக்கால் பிரித்துப் பார்த்து, உள்ளே பியானோ இருக்கிறது என்று வாதிட்டார். ஒருவர் வாசித்ததாக நினைத்து நாம் தேடுவதைச் சில நேரம் நாலு பேர் சேர்ந்து வாசித்திருப்பார்கள்.

கலைஞர்கள் சொல்வதையும் அப்படியே நம்பக் கூடாது. எடி வான் ஹேலனின் 1978 ஆல்பத்தில் கேட்கும் அந்தத் தடித்த ஒலிக்கு, ஆம்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டியதாக அவர் ஒரு காலத்தில் பேட்டிகளில் சொன்னார். உண்மையில் அவர் செய்தது குறைத்தது. அமெரிக்காவின் 120 வோல்ட்டை 90 பக்கம் இறக்கினார். அவர் பேச்சைக் கேட்டுக் கூட்டியவர்களின் ஆம்ப் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் சுவரில் வருவது 230 வோல்ட். தயவுசெய்து இந்த ஒரு சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

சித்தப்பாவிடம் தொலைபேசியில் ஒருமுறை டோனி அயோமியின் கதையைச் சொன்னேன். பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர். பதினேழு வயதில், பர்மிங்ஹாம் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர், எனவே கம்பியை அழுத்தும் கை அது. தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் தட்டு ஒன்றைக் கேட்க வைத்தார். தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரல்களால் கம்பிகளில் ஓடிய மேதை அவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். வலி தாங்க மெல்லிய கம்பிகளைத் தேடி பேஞ்சோ கம்பிகளை மாட்டினார். பிறகு சுருதியையே மூன்று ஃப்ரெட் அளவு இறக்கிக் கம்பிகளைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் அந்தப் பாறை உருளும் ஒலியில் இதற்கும் பங்கு உண்டு.

நான் என்ன நினைத்து அந்தக் கதையைச் சொன்னேன் என்று சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டு முடித்துவிட்டு, "அவனுக்குப் பதினேழு வயசு. எனக்கு எழுபத்தொன்பது. மாத்திரை போடணும், வை" என்றார்.

போன ஞாயிறு கிட்டாரையும் பெடல்களையும் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். கூடத்தில் சித்தப்பாவின் அப்பா வாங்கிய ரேடியோகிராம் இன்னும் இருக்கிறது. பல காலம் அதன் மேல் பூச்சாடியும் குடும்பப் படங்களும்தான் இருந்தன. பெரிய தம்பி யாரையோ பிடித்துத் தட்டுச் சுற்றும் ரப்பர் சக்கரத்தை மாற்றிவைத்திருந்தான். அந்தப் பழைய 45 தட்டும் உறையில்லாமல் பத்திரமாக இருந்தது.

அக்காலத்தில் எப்படிக் கற்றார்கள் என்று சித்தப்பா காட்டினார். 45 வேகத்தில் சுற்ற வேண்டிய தட்டை 33இல் போட்டால் மெதுவாகும், சுருதி ஏறக்குறைய ஐந்து ஃப்ரெட் இறங்கும். அதைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்து, மனத்துக்குள் ஐந்து ஃப்ரெட் ஏற்றி வாசிக்க வேண்டும். நெடுந்தட்டு என்றால் இன்னும் வசதி, 16 வேகத்தில் போட்டால் சரியாகப் பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே. இன்று கைப்பேசிச் செயலி சுருதி மாறாமலே வேகத்தைக் குறைத்துத் தருகிறது. தட்டு தேயும்வரை ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தவர்களின் காது நமக்கு இல்லாததில் ஆச்சரியமில்லை.

நான் வாசித்தேன். கனத்த கம்பி, மங்கும் எக்கோ எல்லாம் சேர்ந்து. பேரன் அக்கூஸ்டிக் கிட்டாரைத் தட்டினான். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கிட்ட வந்துட்ட. ஆனா தாழ்ந்து இருக்கு. இன்னும் மேல."

சுருதியில் தவறில்லை என்று கருவியைக் காட்டினேன். "கருவி கிடக்கு. தட்டைப் போடு" என்றார். போட்டோம். சுருதி பார்க்கும் கருவியை ரேடியோகிராமின் பக்கத்தில் பிடித்தேன். ஒரு ஃப்ரெட்டின் பாதி அளவு மேலே காட்டியது. தட்டு வேகமாகச் சுற்றுகிறது! ஆறு சதவீதம் வேகம் கூடினால் ஒரு ஃப்ரெட் ஏறும். அப்படியானால் இது மூன்று சதவீதம். புது ரப்பர் சக்கரத்தின் வேலையா என்று கேட்டேன். அது அன்றிலிருந்தே அப்படித்தான் என்றார். அவர் குழுவில் எல்லாரும் இந்த ரேடியோகிராமை வைத்தே சுருதி சேர்த்துக்கொள்வார்களாம். ஆக லண்டனில் மார்வின் வாசித்தது ஒன்று. ஈப்போவில் என் சித்தப்பா அறுபது ஆண்டுகளாகக் காதில் வைத்திருப்பது அதைவிடப் பாதி ஃப்ரெட் மேலே, ஒரு துளி வேகமானது. நான் இத்தனை நாள் தேடியது லண்டன் ஒலியை. அவர் கேட்டது இந்த மரப்பெட்டியின் ஒலியை.

கம்பிகளைப் பாதி ஃப்ரெட் முறுக்கினேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினோம். எக்கோ இடைவெளியும் அதே அளவு குறைய வேண்டும் என்பதை அவரே சொன்னார். மறுபடி வாசித்தேன்.

"சுருதி சரி. இப்ப கை சரியில்ல. நீ எங்க தட்டுற? பிரிட்ஜ் பக்கம் போ. இன்னும். அடிக்காத, தள்ளு. கைப்பிடியை விடாத, உள்ளங்கைக்குள்ளயே இருக்கணும். இல்லலா, அப்படி இல்ல..." சொல்லிக்கொண்டே வந்தவர் பொறுக்க முடியாமல், "கொண்டா இங்க" என்று கிட்டாரை மடியில் இழுத்துக்கொண்டார்.

இடது கை சோபாவில் கிடந்தது. வலது கை பிக்கை வாங்கியது. கைப்பிடி தானாக அவர் விரல்களுக்குள் போய் உட்கார்ந்தது. நான் அவருக்கு இடப்பக்கம் தரையில் மண்டியிட்டு, கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக் கம்பிகளை அழுத்தினேன். முதல் இரண்டு தடவை நான் பிந்தினேன். "என் தோளைப் பாரு, கையைப் பார்க்காத" என்றார். மூன்றாவது தடவை வந்தது. என் கிட்டார், என் பெடல், என் விரல்கள்தான் சுரங்களின் மேல். ஆனால் இந்த ஐந்து வாரத்தில் நான் ஒருமுறைகூட எடுக்காத ஒலி. சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

முக்கால் நிமிடத்தில் அவர் கை ஓய்ந்துவிட்டது. முழுத் தட்டும் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம்: முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் அவர் கை, நடுவில் நான் தனியாக. கிட்டாரை அவர் மடியிலிருந்து என் மடிக்கும், திரும்ப அவர் மடிக்கும் மாற்ற இடையில் நான்கு தாளம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பேரன் அக்கூஸ்டிக்கை விடாமல் தட்டுவான்.

நாளை மறுபடி போகிறேன். கை வைக்காத நாற்காலி இரண்டு கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எக்கோவும் இன்னும் ஒரு நூல் பிந்துகிறதாம்.